ஏழாவது இடத்தில் ஒரு நட்சத்திரம்

அன்புள்ள ரெக்கார்டிங் அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. 1992, 93-ல் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் எல்லோருக்கும் நீங்கள் ரெக்கார்டிங் அண்ணன்தான். கோடு போட்ட தாளில் பாட்டு எழுதி, வெற்று கேசட்டோடு கொடுத்துவிட்டு, நாலு நாள் கழித்து வந்து வாங்கிப்போகும் பள்ளிக்கூடப் பையன்களில் நானும் ஒருவன். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நீங்கள் எங்கே போனீர்கள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். யாராவது உங்களிடம் காட்டுவார்கள்.

அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு பிடிக்கும். ஆறும் முடிந்தபிறகு இரண்டு மூன்று நிமிடம் நாடா மிஞ்சும். மற்ற கடைகளில் அதைச் சும்மா விட்டுவிடுவார்கள். நீங்கள் விட்டதில்லை. நான் கேட்காத ஏதோ ஓர் இசை அதில் வரும், பெரும்பாலும் பாட்டே இல்லாமல். சூடு பிடிக்கிற நேரத்தில் டக்கென்று நாடா முடிந்துவிடும். அட்டையில் ஆறு பாட்டுக்கும் உங்கள் கையெழுத்தில் பெயர் இருக்கும். ஏழாவது இடத்தில் பச்சை மையில் ஒரு நட்சத்திரம் மட்டும். என்ன அண்ணா இது என்று ஒரு தடவை கேட்டேன். "இடம் மிச்சம் இருந்துச்சு தம்பி, காலியா விட மனசு வரல" என்றீர்கள்.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அந்தக் கேசட்டுகள் பதினொன்று கிடைத்தன. அம்மாவின் டூ இன் ஒன் இன்னும் ஓடுகிறது. முதல் நட்சத்திரம் வந்ததும் என் மகள் செல்போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தாள். பத்து விநாடி இருக்கும். "அப்பா, பேரு வந்துடுச்சு" என்றாள்.

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம், 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கிய ஆல்பம். வயலின், வி.எஸ். நரசிம்மன். அன்று இரவு முழு ஆல்பத்தையும் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது: அதற்கு அடுத்த உருப்படியின் பெயர் 'அண்ட் வி ஹேட் எ டாக்'. பாக்கை என் வீட்டில் பார்த்தேன் என்பது பாதி வாக்கியம்தான் அண்ணா. இருவரும் பேசிக்கொண்டிருந்தோம் என்பது மீதி. நாடா தீர்ந்துபோனதால் எனக்கு இத்தனை வருடம் பாதிதான் கிடைத்திருந்தது. ராஜாவின் படப்பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின்கள் கூட்டமாக வந்து, அவசரமாக ஏதோ சொல்லிவிட்டுப் போகுமே, அவை இந்த ஆல்பத்தில் உட்கார்ந்து பேசுகின்றன. ஒரு வயலின் சொன்னதை இன்னொன்று பின்னாலிருந்து வாங்கி, வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. பத்து உருப்படியும் எனக்கு இப்போது மனப்பாடம். 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' இன்னொரு கேசட்டில் இருந்தது. அதுவும் அழகுதான், ஆனால் மனம் முதலாவதற்கே திரும்புகிறது.

அப்புறம் அந்த கிடார். எத்தனை வேகம்! அது சக்தி குழுவின் 'ஜாய்'. மூர் மார்க்கெட் 1985-ல் எரிவதற்கு முன்னால் அங்கே வாங்கிய இசைத்தட்டு ஒன்றை நீங்கள் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தீர்களே, அதிலிருந்துதான் பதிந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் தந்தது இரண்டரை நிமிடம். உண்மையில் அது பதினெட்டு நிமிடம்! தேரடியில் மெட்ரோ ஏறிக் காதில் மாட்டினேன். வண்டி தரைக்குள் இறங்கி வண்ணாரப்பேட்டை வந்தும் முடியவில்லை. 1975-ல் நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரியில் நேரடியாக வாசித்துப் பதிந்தது. ஜான் மெக்லாஃப்லின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, நம்ம விக்கு விநாயக்ராம் கடம். கடமும் தபலாவும் மாறி மாறிக் கேட்டுக்கொள்ளும் இடத்தில் கம்பியைப் பிடித்திருந்த என் கையும் தாளம் போட்டது.

அதே சக்தி 2023-ல் 'திஸ் மொமெண்ட்' என்று ஒரு ஆல்பம் போட்டது. அடுத்த வருடம் கிராமி விருதும் வாங்கியது. சங்கர் மகாதேவன் பாடியிருக்கிறார். கஞ்சிரா யார் தெரியுமா? விக்குவின் மகன் செல்வகணேஷ். அப்பா கடம் வாசித்த குழுவில் மகன். 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஆல்பத்தில் தபலா வரும் இடங்களை என்னால் வேறு வேலை செய்துகொண்டே கேட்க முடியவில்லை.

உங்கள் கேசட்டில் இருந்திருக்க வாய்ப்பே இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எண்ணூரிலிருந்து சைக்கிளில் வருவீர்கள் என்பது நினைவிருக்கிறது. 2017-ல் வந்த சென்னைப் பொறம்போக்குப் பாடலை நான் இப்போதுதான் கேட்டேன். கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைத்து, டி.எம். கிருஷ்ணா பாடியது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் உங்கள் ஊர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பாடுகிறார். ஊருக்கே பொதுவான நிலத்தின் பெயர் எப்படி வசவாகிப்போனது என்று கேட்கிற பாட்டு. சபாவில் வர்ணம், கீர்த்தனை என்று கேட்கும் ஆனந்தபைரவியில் தொடங்கி, ராகம் ராகமாக மாறிப் போகும் ராகமாலிகையில், நாம் தெருவில் பேசும் சென்னைத் தமிழ் வருகிறது. ராகமும் குறையவில்லை, தமிழும் குறையவில்லை. நாடாவில் எவ்வளவு மிஞ்சினாலும் போதாது, ஒன்பது நிமிடத்துக்குக் கிட்ட ஓடும். ஆனால் நீங்கள் அவசியம் கேட்க வேண்டும்.

சரி, ஒரு சந்தேகம். 'பி' என்று எழுதிய கேசட்டின் இரண்டாவது பக்கத்தில் ஒரு நாகஸ்வரம் இருக்கிறது. தோடி ராகம். தவில் இன்னும் சேரவில்லை, ஆலாபனை மேலே ஏறும்போதே நாடா முடிந்துவிடுகிறது. நாலு தடவை பிடித்தும் செல்போனுக்குப் பெயர் தெரியவில்லை. ராஜரத்தினம் பிள்ளை என்று அம்மா அடித்துச் சொல்கிறார். எனக்கென்னவோ அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் என்று படுகிறது. பச்சை மை, நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளியும் வைத்திருக்கிறீர்கள்.

யார் அண்ணா அது?

அன்புடன்,
தேரடித் தம்பி