ஜூலை வேண்டாம், ஜனவரியில் போவோம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஃப்ளோரிடா ஆர்லாண்டோ பயணப் பட்டியலை நானும் அம்மாவும் உட்கார்ந்து படித்தோம். ஜூலை முதல் வாரம், தினம் ஒன்றாக டிஸ்னி, யுனிவர்சல் என்று ஆறு பார்க், காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய் ராத்திரி வாணவேடிக்கை முடிந்து திரும்புவது என்று மணிக்கணக்குப் போட்டு எழுதியிருக்கிறாய். எவ்வளவு ஆசையாகப் போட்டிருப்பாய் என்று புரிகிறது. ஆனால் ஜூலை வேண்டாம்மா, ஜனவரி கடைசி வாரத்துக்கு மாற்று. நாங்கள் இன்னும் ஃப்ளைட் டிக்கெட் எடுக்கவில்லை, மே மாதம் வருவதற்குப் பதில் டிசம்பர் கடைசியிலேயே வந்துவிடுகிறோம். நியூஜெர்ஸி குளிரை அம்மா எப்படியோ சமாளித்துக்கொள்வாள், ஃப்ளோரிடாவின் ஜூலை வெயிலை அவளால் முடியாது.

டாம்பாவில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் எங்களை ஜூலையில்தான் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க்குக்கு அழைத்துப் போனார். வெயில் நமக்குப் புதிதில்லை என்றுதான் கிளம்பினோம். ஆனால் அது சென்னைப் புழுக்கம் மாதிரி, அதோடு நாள் முழுக்க நடை. மூன்று மணி வாக்கில் வானம் கறுத்தது. இடி கேட்டதும் வெளியில் ஓடுகிற ரைடு ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள். மின்னல் அடித்தால் அங்கே அதுதான் வழக்கம், யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு கடையின் தாழ்வாரத்தில் நூறு பேரோடு நாங்களும் ஒண்டினோம். அம்மாவின் செருப்புக்குள் தண்ணீர் புகுந்து, மழைக்கோட்டு முழங்காலில் ஒட்டிக்கொண்டு, உட்காரவும் இடமில்லாமல் என் தோளைப் பிடித்தபடியே நின்றாள். மழை விட்டதும் சுள்ளென்று வெயில், தரையிலிருந்து ஆவி கிளம்பியது. ராத்திரி முழங்கால் வீங்கிவிட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மத்தியான இடிமழை சகஜம், புயல் சீசனும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை.

ஜனவரியில் பகல் 22 டிகிரி சுற்றி இருக்கும், ராத்திரி 10-க்கு இறங்கும். ஸ்வெட்டர் போதும். தண்ணீர் விளையாட்டு அவ்வளவாக முடியாது, பழுது பார்க்க என்று சில ரைடுகளை மூடியிருப்பார்கள், அது உண்மைதான். அது பரவாயில்லை. ஜனவரி மூன்றாம் திங்களில் வரும் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை முடிந்து, பிப்ரவரி பிரசிடெண்ட்ஸ் டே வாரத்துக்கு முன்னால் உள்ள நாட்களாகப் பார்த்துப் போடு, அப்போதுதான் கூட்டம் கொஞ்சம் குறையும். டிஸ்னி டிக்கெட்டே தேதிக்குத் தேதி விலை மாறும், நீயே இரண்டு மாதத்தையும் போட்டுப் பார். அப்புறம் சின்னவனுக்கு ஏப்ரலில்தான் மூன்று முடிகிறது. மூன்று வயதுக்குள் அங்கே டிக்கெட் கிடையாது, ஜூலையில் போனால் அவனுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் போகுமே என்பாய். ஒன்றாம் வகுப்பில் ஐந்து நாள் லீவு போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், தைரியமாக லெட்டர் கொடு.

அவளை ஷூ போட வைத்து உயரம் அளந்து வை. ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 சென்டிமீட்டர் வேண்டும், ஏழு குள்ளர்கள் சுரங்க ரயிலுக்கு 97 போதும். வரிசையில் நின்று வாசலில் திருப்பி அனுப்பினால் குழந்தை முகம் வாடிவிடும், அதனால் எதில் ஏற முடியும் என்று வீட்டிலேயே அவளிடம் சொல்லிவிடு. சின்னவனை ஏற்ற முடியாத ரைடில் ரைடர் ஸ்விட்ச் என்று கேளுங்கள். நீ ஏறி வரும்வரை மாப்பிள்ளை குழந்தையோடு இருப்பார், அப்புறம் அவர் மறுபடி முழு வரிசையும் நிற்காமல் ஏறலாம்.

அம்மா விஷயம். வீல்சேர் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பேரப்பிள்ளைகள் முன்னால் தன்னைத் தள்ளிக்கொண்டு போவதா என்று. நான் பேசிப் பார்த்தேன். நீயும் பேசு, ஆனால் முழங்காலைச் சொல்லிப் பேசாதே. சின்னவன் தூங்கினால் மடியில் வைத்துக்கொள்ள ஒரு வண்டி வேண்டும் பாட்டி என்று பெரியவளைச் சொல்லச் சொல், சம்மதித்துவிடுவாள். பார்க் வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும், முதலில் வருபவர்களுக்குத்தான். இன்சுலினை முதலுதவி நிலையத்தில் கொடுத்தால் ஃப்ரிட்ஜில் வைத்துத் தருவார்கள். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. தயிர்சாதம் நிச்சயம்.

ஆறு பார்க் வேண்டாம். எனக்குத் தோன்றுவது இது: மேஜிக் கிங்டம் ஒரு நாள், அனிமல் கிங்டம் ஒரு நாள், எப்காட் ஒரு நாள், நடுவில் ஒவ்வொரு நாள் தங்கும் வீட்டில் ஓய்வு. மேஜிக் கிங்டமுக்குக் காரை நிறுத்திவிட்டு மோனோ ரயிலோ படகோ பிடித்துத்தான் வாசலுக்கே போக வேண்டும், அந்த நேரத்தையும் கணக்கில் வை. அனிமல் கிங்டமில் சஃபாரியைக் காலையிலேயே முடித்துவிடு, அப்போதுதான் விலங்குகள் நடமாடும். எப்காட்டில் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளுக்கு மண்டபம், சுற்றி வந்தாலே இரண்டு கிலோமீட்டர். நம் நாட்டுக்கு ஒன்று இல்லை என்று கேள்விப்பட்டு அம்மாவுக்கு இப்போதே வருத்தம். யுனிவர்சலில் 2025 மே மாதம் எபிக் யுனிவர்ஸ் என்று புதிதாக ஒரு பார்க் திறந்திருக்கிறார்கள், மாப்பிள்ளைக்கு ஆசை என்று தெரியும். வீட்டில் இருக்கும் நாளில் நீங்கள் இருவர் மட்டும் போய் வாருங்கள், பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கல்யாணத்துக்கு அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் தனியாக எங்கே போனீர்கள்?

எனக்காக ஒரு நாள் கேட்கிறேன். கென்னடி விண்வெளி மையம், கிழக்கே ஒரு மணி நேரம். அங்கே அட்லாண்டிஸ் விண்கலம் இருக்கிறது, 33 முறை விண்வெளிக்குப் போய் 2011 ஜூலையில் கடைசியாக இறங்கியது. இப்போது சரக்கறைக் கதவைத் திறந்து, பறக்கிற மாதிரியே சாய்த்து வைத்திருக்கிறார்கள். 110 மீட்டர் சாட்டர்ன் ராக்கெட் ஒன்றையும் படுக்கவைத்திருக்கிறார்கள். நிலாவுக்குப் போன கதையை வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ராக்கெட்டுக்குக் கீழே பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடக்க வேண்டும் எனக்கு.

தங்க ஹோட்டல் வேண்டாம். கிஸ்ஸிமி, டேவன்போர்ட் பக்கம் தனி வீடு வாடகைக்குக் கிடைக்கும், சமையலறையும் வாஷிங் மெஷினும் இருக்கும். அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறை இருக்கிறதா என்று கேள். நீச்சல் குளம் இருந்தால் சுற்றி வேலி இருக்கிறதா என்று கட்டாயம் கேள், சின்னவன் கதவைத் திறக்கப் பழகிவிட்டான். ஜனவரியில் குளத்துத் தண்ணீரைச் சூடாக்க பல வீடுகளில் தனியாகப் பணம் வாங்குவார்கள், அதையும் சேர்த்துக் கணக்குப் போடு. ஏரி, குட்டை ஓரம் பிள்ளைகளை விடாதே, அந்த ஊரில் எங்கே தண்ணீர் இருந்தாலும் முதலை இருக்கலாம்.

எங்கள் இருவருக்கும் மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கு எதுவரை தருவார்கள் என்று எழுத்தில் வாங்கு. அந்தச் செலவு என்னுடையது, வீட்டு வாடகையில் பாதியும் என்னுடையது, இதில் பேச்சே வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று இந்த வாரமே கேட்டுச் சொல். கிடைத்தால் முதலில் வீட்டைப் பிடி, ரத்து செய்தால் பணம் திரும்ப வருகிற மாதிரி. பார்க் டிக்கெட் அப்புறம்.

அன்புடன்,
அப்பா