பெயர் வரிசையில் ஒரு வீடு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் “சரிம்மா, சரிம்மா” என்று கேட்டுவிட்டு அரை மணி நேரத்தில் மறந்துவிடுவாய். அதனால்தான் கடிதம். பத்து வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது இதற்காவது பயன்படட்டும்.

நீ வாங்கப்போகும் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்து, ஆனால் சாவி மத்தியானத்துக்கு மேல்தான் என்கிறார்களே, வக்கீல் ஆபீசில் இழுத்தடிக்கிறார்களா என்று கேட்டாய். இல்லை. நார்த் கரோலினாவில் வழக்கமே அப்படித்தான். விற்கிறவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு உன்னிடம் கொடுத்தால் அவருக்கும் உனக்கும் இடையில் விஷயம் முடிந்தது. ஆனால் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து நின்றால் அந்தக் காகிதம் மட்டும் உன்னைக் காப்பாற்றாது. உன் மெக்லன்பர்க் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ், அதாவது பத்திரப் பதிவு அலுவலகத்தில் அது பதிவாகியிருக்க வேண்டும். 1885-ல் வந்த கானர் சட்டம் இதற்கு அடிப்படை. ஒரே வீட்டை ஒருவர் இரண்டு பேருக்கு விற்றுவிட்டார் என்று வை. யார் முதலில் பதிந்தாரோ அவருக்குத்தான் வீடு. இரண்டாவதாக வாங்கியவருக்கு முதல் விற்பனை நன்றாகவே தெரியும் என்றாலும் அவர் முந்திப் பதிந்துவிட்டால் முந்தினதுதான். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் தெரிந்தே வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது. இங்கே ஓட்டப்பந்தயம்தான்.

அதனால் உன் வக்கீல் பதியப்போகும் நிமிஷத்தில் கம்ப்யூட்டரில் இன்னொரு முறை பார்ப்பார். நடுவில் ஏதாவது புகுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவார். பதிந்த பிறகே பணம் கை மாறும், சாவி வரும். பழைய பத்திரங்களைத் தேடிப் படிக்கும் இந்த வேலைக்கு நான் சேர்ந்த காலத்தில், பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வேக் கவுண்டி அலுவலகம் இருக்கும் ராலிக்கு ஓடுவோம். கவுண்டரில் நேரத்தை நிமிஷத்தோடு முத்திரை குத்துவார்கள். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த நேர முத்திரைக்கு மதிப்புக் குறையவில்லை. நம்மூரில் பதிய நான்கு மாதம் அவகாசம் உண்டு, பதிந்துவிட்டால் கையெழுத்திட்ட நாளிலிருந்தே செல்லும் என்று உன் தாத்தா நிதானமாக வெற்றிலை போட்டுக்கொண்டு சொல்வார். அந்த நிதானம் இங்கே உதவாது.

அடுத்து, “கவுண்டியே பதிந்துகொண்டதே, அப்புறம் எதற்கு டைட்டில் இன்சூரன்ஸ்?” என்று கேட்டாய், வீட்டு உரிமையில் பின்னால் கோளாறு வந்தால் நஷ்டத்தை ஈடுகட்டும் அந்தக் காப்பீட்டைப் பற்றி. நல்ல கேள்வி. கவுண்டி எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை, தம்பி. நோட்டரி கையெழுத்து இருக்கிறதா, பக்கம் அவர்கள் கேட்கிற அமைப்பில் இருக்கிறதா, கட்டணம் வந்ததா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். பத்திரம் என்றால் முதல் 15 பக்கத்துக்கு 26 டாலர். அதோடு விலையில் ஒவ்வொரு 500 டாலருக்கும் ஒரு டாலர் வரி, அதை விற்கிறவர் கட்டுவார். விற்கிறவருக்கு அந்த வீடு உண்மையிலேயே சொந்தமா என்று அந்தக் கவுண்டரில் யாரும் கேட்க மாட்டார்கள். ராலியில் இருக்கும் மாநில அரசின் கேப்பிட்டல் கட்டடத்தை நான் உன் பெயருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனாலும் காகிதம் ஒழுங்காக இருந்தால் பதிவாகிவிடக்கூடும். நான் ஜெயிலுக்குப் போவது வேறு கதை. யாருடையது என்பதை அலுவலகம் சொல்லாது. அங்கே இருக்கும் காகிதங்களைப் படித்து நாம்தான் சொல்ல வேண்டும். அந்தப் படிப்புக்குத்தான் இத்தனை வருஷம் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

திட்டாதே, நீ முகவரி அனுப்பிய அன்று ராத்திரியே உன் வீட்டைத் தேடிப் பார்த்துவிட்டேன். பழக்கதோஷம். பதிவு அலுவலகத்தின் அடைவில் வாங்கியவர் பெயர் ஒரு வரிசையிலும் கொடுத்தவர் பெயர் இன்னொரு வரிசையிலும் இருக்கும். முதலில் இப்போதைய சொந்தக்காரர் பெயரை வாங்கியவர் வரிசையில் தேட வேண்டும். அவர் யாரிடமிருந்து வாங்கினார் என்று கிடைக்கும். பிறகு அந்த ஆளை வாங்கியவர் வரிசையில் தேட வேண்டும். இப்படியே ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். இங்கே வழக்கமாக 30 வருஷம் போவோம். அப்புறம் திரும்பி முன்னால் வர வேண்டும். ஒவ்வொருவர் பெயரையும் இப்போது கொடுத்தவர் வரிசையில் வைத்து, அவர் கையில் வீடு இருந்த காலத்தில் எதையாவது எழுதிக் கொடுத்தாரா என்று பார்க்க வேண்டும். வங்கிக்கு அடமானம், பக்கத்து வீட்டுக்கு வழி, மின்சாரக் கம்பெனிக்குக் கம்பி போக இடம், எல்லாம் அதில் வரும். இது முடிந்த பிறகும் கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் தீர்ப்புக் கடன், வரி அலுவலகத்தில் வீட்டு வரி என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்காது.

உன் வீட்டில் பெரிய வில்லங்கம் எதுவும் இல்லை. பின்பக்கம் சாக்கடைக் குழாய்க்கு விட்ட இடம் இருக்கிறது. அங்கே ஷெட் கட்டும் ஆசை இருந்தால் விட்டுவிடு. ஒன்றை மட்டும் வக்கீலிடம் கேள். விற்கிறவர் வீட்டின் மேல் ஒரு ஹோம் ஈக்விட்டி லைன் (வீட்டை ஈடாக வைத்து வேண்டும்போதெல்லாம் பணம் எடுக்கும் கடன் கணக்கு) எடுத்திருக்கிறார், அதை ரத்து செய்த காகிதம் என் கண்ணில் படவில்லை. கடனை முழுக்கக் கட்டியிருக்கலாம். ஆனால் பாக்கி பூஜ்யம் என்பதால் அந்தக் கணக்கு மூடிக்கொள்ளாது. மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, வங்கி ரத்தைப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அவர் நாளைக்கே அதிலிருந்து பணம் எடுக்கலாம், சுமை உன் வீட்டு மேல் நிற்கும்.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததன் காரணத்துக்கு வருகிறேன். நம்மூரில் வில்லங்கச் சான்று கேட்டால் கிராமமும் சர்வே நம்பரும் கொடுத்தால் போதும். இங்கே எல்லாம் பெயரை வைத்துத்தான், அதிலும் கடைசிப் பெயரை வைத்து. நம் வீட்டில் கடைசிப் பெயர் என்ன? தாத்தா ராமசாமி, அப்பா முருகேசன். பாஸ்போர்ட்டில் அப்பா முருகேசன் ராமசாமி. நானும் நீயும் முருகேசன். ஒரே வீட்டில் ஒருவர் ஒரு எழுத்தில், மற்ற இரண்டு பேர் வேறு எழுத்தில்.

1999-ல் ராலி பக்கத்துக் கேரியில் நாங்கள் வீடு வாங்கியபோது, அந்த வக்கீல் ஆபீசில் யாரோ அப்பாவின் பெயரை முன்பின்னாக அடித்துவிட்டார்கள். நாங்களும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டோம். நான்கு வருஷம் கழித்து வேறு வங்கியில் கடனை மாற்றியபோது அவர்கள் பெயரைச் சரியாக அடித்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் நான் இந்த வேலையில் சேர்ந்தேன். பழகுவதற்காக நம் வீட்டையே தேடினால் விசித்திரமாக இருந்தது. ‘மு’வில் ஒரு ஆள் வீட்டை வாங்கியிருக்கிறார், ‘ரா’வில் வேறொரு ஆள் அதை அடகு வைத்திருக்கிறார். வாங்கியவருக்கும் வைத்தவருக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் அப்பா பிரமாணம் எழுதிக் கொடுத்து, அதையும் பதிந்தோம். “நான்தான் நான் என்று சத்தியம் பண்ண வேண்டிய ஊருக்கு வந்துவிட்டோமே” என்று வரும் வழியெல்லாம் புலம்பினார்.

பெயர் வரிசையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று ஞாபகம் வருகிறது. வேக் கவுண்டியின் பழைய பத்திரப் புத்தகங்களில், நிலம் விற்றதற்கும் நிலம் விற்றதற்கும் நடுவில் அதே கையெழுத்தில் மனிதர்களை அடிமைகளாக விற்ற பத்திரங்கள் இருக்கும். பெயர், வயது, விலை. முதன்முதலில் அப்படி ஒரு பக்கம் கண்ணில் பட்ட அன்று மதியச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். அந்த வரிசைகளில் விற்றவர் பெயர் உண்டு, வாங்கியவர் பெயர் உண்டு. விற்கப்பட்ட பெண்ணின் பெயர் அடைவில் கிடையாது. அவளுடைய கொள்ளுப்பேத்தி வந்து தேடினால் எந்த எழுத்தில் தேடுவாள்? ரெஜிஸ்டர் அலுவலகமும் ஷா பல்கலைக்கழகமும் சேர்ந்து பக்கம் பக்கமாகப் படித்து இப்போது அந்தப் பெயர்களைத் தனியே தேடும்படி செய்துவருகிறார்கள்.

சரி, உன் வேலைக்கு வா. பத்திரத்தின் நகலை வியாழக்கிழமையே அனுப்பச் சொல். உன் பெயரும் மருமகள் பெயரும் டிரைவிங் லைசென்ஸில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார். அவள் அவளுடைய அப்பா பெயரை வைத்திருக்கிறாள், நல்லதுதான், மாற்ற வேண்டாம். ஆனால் கடைசிப் பெயர் வேறாக இருப்பதால் ‘கணவன் மனைவி’ என்று பத்திரத்தில் போட்டிருக்கிறதா என்று கவனி. அப்படி வாங்கினால் இந்த மாநிலத்தில் வீடு இரண்டு பேருக்கும் முழுசாகச் சேரும். உன் ஒருவன் பெயரில் மட்டும் கடன் இருந்தால் அந்தக் கடன்காரர் வீட்டைத் தொட முடியாது. நீயும் அவளும் தனித்தனியாக உட்கார்ந்து பாருங்கள், நாங்கள் செய்த மாதிரி ஒருவர் பார்த்துவிட்டார் என்று மற்றவர் விடாதீர்கள்.

குடிபோன ஒரு மாதத்தில் அரசாங்கக் கடிதம் போலவே ஒன்று வரும், உங்கள் பத்திரத்தின் நகலுக்கு இவ்வளவு கட்டுங்கள் என்று. கிழித்துப் போடு. கவுண்டியின் தளத்தில் நீயே பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை பதிவாகிவிட்டதா என்று எனக்குப் போன் செய்ய வேண்டாம். பத்து மணியிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பேன். ‘மு’வில் உன் பெயர் வந்ததும் நானே கூப்பிடுகிறேன். பால் காய்ச்ச அந்தப் பித்தளைப் பாத்திரத்தை அப்பா தேய்த்துக்கொண்டிருக்கிறார், சனிக்கிழமை கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
அம்மா