தொட்டில் கொக்கி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

போன ஞாயிறும் நீ போனை எடுக்கவில்லை. வேலை இருந்திருக்கும். வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு இருக்காதே.

கடை முகப்பில் தாத்தா சிமெண்டில் வார்த்துவைத்த '1956'-இல் 5 உதிர்ந்துவிட்டது. மெட்ராஸ் டெரஸை இடித்து கான்கிரீட் போடச் சொல்கிறார் கொத்தனார். எனக்கு மனசு வரவில்லை. தேக்குக் கட்டைகள்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து போட்ட கூரை அது. சித்திரை வெயிலையும் தாங்கும். தாத்தா காலத்தில் வெள்ளை பெட்ரோலில்தான் டிரைவாஷ். கோட்டெல்லாம் மொட்டைமாடியில் ஆறும். தீப்பொறிக்குப் பயந்து அவர் மாடியில் அடுப்பே மூட்டவிடவில்லை. பெர்க் என்ற ரசாயனத்தில் டிரைவாஷ் செய்யும் மெஷினை வாங்கியது நான்தான். தீப்பற்றாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அந்த வருமானத்தில்தான் நீ படித்தாய். அதையாவது ஒருநாள் நினைத்துப் பார்த்திருக்கிறாயா?

வேளைக்குச் சாப்பிடு. தண்ணீர் நிறையக் குடி.

மெஷின் அழுக்கான பெர்க்கைக் காய்ச்சி வடித்தபின் அடியில் கறுப்புக் கசடு நிற்கும். அதைப் பல வருஷம் கிணற்றோரத்தில்தான் கொட்டினேன். பெர்க் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும். இது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அந்த இனிப்பு வாடை மாடிவரை ஏறியது தெரியும். உன் அம்மா ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்வாள். பட்டுப் புடவைகளில் தூசி படியும் என்று நான் சாத்துவேன். உனக்குப் பிறகு அவளுக்கு இரண்டு தங்கவில்லை. இதனால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பெர்க் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பே சொல்கிறது. உங்கள் அமெரிக்காவில் 2024 டிசம்பரில், டிரைவாஷ் கடைகள் பத்து வருஷத்துக்குள் அதை விட்டுவிட வேண்டும் என்று விதி போட்டார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் பிரசவத்துக்கு வருவதைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கிறாயோ?

நீ தூங்கிய தொட்டிலின் கொக்கி மெஷினுக்கு நேர் மேலே, விட்டத்தில் இருந்தது. நேற்று கழற்றிவிட்டேன். அத்தை வீட்டு முன்னறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்று. அங்கே கிணறு இல்லை, மெட்ரோ வாட்டர்தான். ஜன்னல் மூன்று.

என்றைக்கு டிக்கெட் என்று மட்டும் எழுது.

அப்பா