‘விஷமில்லாத பாம்புதான்’ என்ற தீர்ப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்துவிட்டால் பாம்புக்கடி மரணங்கள் மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரு பத்தி அளவுக்கு வந்து போகின்றன. ‘சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்’ என்ற வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. கடிபட்ட நேரத்துக்கும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த நேரத்துக்கும் இடையில் யார், எதைத் தனக்குத் தெரியும் என்று நம்பி, என்ன செய்தார் என்பதைச் செய்தி சொல்வதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். விஷமுறிவு மருந்தைத் தானே தயாரிக்கும் நாட்டின் கணக்கு இது. மருந்துத் தட்டுப்பாட்டைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறோம். தெரியாததைத் தெரிந்ததாக எண்ணிக் கழிக்கும் மணி நேரங்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

கட்டுவிரியனை எடுத்துக்கொள்வோம். இரவில், பெரும்பாலும் தரையில் படுத்து உறங்குபவரை அது கடிக்கிறது. பற்கள் சிறியவை என்பதால் கடிவாயில் வலியோ வீக்கமோ அநேகமாக இருப்பதில்லை. சில நேரங்களில் தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுபவருக்கு வீட்டிலுள்ளவர்கள் ஓமத்தண்ணீர் கொடுக்கிறார்கள். இமை சரிந்தால் தூக்கக் கலக்கம் என்கிறார்கள். பேச்சு குழறி, விழுங்க முடியாமல் எச்சில் வழியும்போதுதான் வண்டியைத் தேடுகிறார்கள். பாம்பைக் கண்ணால் பார்த்திருந்தாலும் நிலைமை மேம்படுவதில்லை. கட்டுவிரியனைப் போலவே உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்ட, விஷமற்ற வெள்ளிக்கோல் வரையன் நம் வீடுகளுக்குள் அடிக்கடி வருவதால், பட்டை போட்ட பாம்பு எதைப் பார்த்தாலும் “இது ஒன்றும் செய்யாது, நான் நிறையப் பார்த்திருக்கிறேன்” என்று சொல்ல ஒருவர் இருப்பார். கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதுதான் என்னை நெடுநாளாக யோசிக்க வைத்த விஷயம். வேப்பிலையை மெல்லச் சொல்லிக் கசக்கிறதா என்று கேட்கும் பழக்கம் பல ஊர்களில் இன்றும் உண்டு. கசந்தால் விஷம் ஏறவில்லை என்பது தீர்ப்பு. கடிக்கும் பாம்புகளில் பெரும்பகுதி விஷமற்றவை. விஷப்பாம்பு கடித்தாலும் சில சமயம் அது விஷத்தைச் செலுத்துவதில்லை. ஆகவே மந்திரித்தாலும், பச்சிலை அரைத்துக் கட்டினாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் பிழைக்கக்கூடியவர்களே நாட்டு வைத்தியரின் வாசலுக்கு அதிகம் வருகிறார்கள். அவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள், வைத்தியருக்குப் பெயர் வளர்கிறது. உண்மையிலேயே விஷம் ஏறியவரோ, நிலைமை முற்றியபின் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே இறக்கிறார்; அந்தச் சாவு மருத்துவமனைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. முப்பது வருட அனுபவம் என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. தவறைக் காட்டியிருக்கக்கூடிய நிகழ்வுகள் எல்லாம் அவர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நடந்து முடிந்திருக்கின்றன, அவ்வளவே. இப்படிச் சேர்ந்த அனுபவம் எத்தனை ஆண்டு நீண்டாலும் யாரையும் திருத்தாது.

மருத்துவமனையில் செய்யும் ஒரு சோதனையை இதனோடு ஒப்பிட விரும்புகிறேன். கடிபட்டவரின் ரத்தத்தில் 2 மில்லி எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்க்கிறோம். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் விஷம் ரத்தத்தைத் தாக்கியிருக்கிறது என்று பொருள். உறைந்திருந்தாலும் ஆளை வீட்டுக்கு அனுப்புவதில்லை. மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்க்கிறோம், இமையையும் மூச்சையும் கவனித்தபடி ஒரு நாளாவது படுக்கையில் வைத்திருக்கிறோம். கட்டுவிரியன் விஷம் இந்தச் சோதனையில் சிக்காது என்பதும் இதைச் செய்பவர்களுக்குத் தெரியும். சொல்லப்போனால், இந்தச் சோதனையின் பலமே அதன் எல்லை எது என்று செய்பவர் அறிந்திருப்பதுதான். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் தேவையற்றது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான்.

இதைப் படிப்பறிவில்லாதவர்களின் குறை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவின் சிகாகோ நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கார்ல் ஷ்மிட், பாம்பியலில் உலகம் மதித்த அறிஞர். 1957 செப்டம்பரில், அடையாளம் காண்பதற்காக அவரிடம் அனுப்பப்பட்ட பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்க மரப்பாம்பு அவரைக் கடித்தது. சிறிய பாம்பு, ஆழமில்லாத கடி என்று கணித்து, மருத்துவமனைக்குப் போகாமல் தன் உடலில் தோன்றிய அறிகுறிகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை உணவும் உண்டார். அன்றே உள்ரத்தக் கசிவால் இறந்தார். 2001 செப்டம்பரில் வடக்கு மியான்மரின் காட்டுப் பகுதியில் ஜோ ஸ்லோவின்ஸ்கி என்ற ஆய்வாளர், விஷமற்ற பட்டைப்பாம்பு என்று கருதப்பட்ட ஒன்று இருந்த பைக்குள் கையை விட்டார். உள்ளே இருந்தது கட்டுவிரியன் இனம். மூச்சு நின்றபின் உடனிருந்தவர்கள் மணிக்கணக்கில் வாயோடு வாய் வைத்து ஊதியும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. நம் ஊர்த் திண்ணையில் நடக்கும் அதே பிழைதான் இது. இழைத்தவர் பாம்பு ஆராய்ச்சியாளர் என்பது மட்டுமே வேறுபாடு.

பாம்பைப் பிடிக்கத் தெரிவதும் விஷம் உடலில் செய்வதை அறிவதும் வெவ்வேறு அறிவுகள். பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினருக்காக 1978-இல் தொடங்கப்பட்டு, சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து பெரும்பாலும் தயாராகிறது. அந்தத் திறமைக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் இன்று கைப்பேசிப் படத்துக்காக வெறுங்கையில் நல்லபாம்பின் கழுத்தைப் பிடித்து நிற்பவரையும் ‘பாம்பு நிபுணர்’ என்று எழுதிவிடுகிறோம். அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் ஒருவர் கடிபட்டால் முதல் தீர்ப்பைச் சொல்ல ஊரார் அவரைத்தான் அழைப்பார்கள்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியிருப்பதால், மருத்துவமனைகள் இனி ஒவ்வொரு கடியையும் பதிவுசெய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் தன் பங்குக்கு அத்தகைய வீரப் படங்களை வெளியிடுவதை நிறுத்திவிட்டு, பாம்புக்கடிச் செய்தி ஒவ்வொன்றிலும் கடிபட்ட நேரம், மருத்துவமனையை அடைந்த நேரம், இடையில் எங்கே அழைத்துச் செல்லப்பட்டார் என்ற மூன்று விவரங்களையும், இறந்தவரின் குடும்பத்தைப் புண்படுத்தாத விதத்தில், விசாரித்துச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
விழுப்புரம் மாவட்டம்.