பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: கோப்பின் டிஜிட்டல் கையொப்பமும் ஆன்டிவைரஸ் சோதனையும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாத இறுதியில் நம் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் 3 கணினிகளில் பிரவுசரைத் திறந்ததும் வழக்கமான முகப்புப் பக்கத்துக்குப் பதிலாக அறிமுகமில்லாத ஒரு தேடல் பக்கம் வந்ததையும், மாணவர்கள் பாடம் தேடும்போது திரையின் ஓரங்களில் விளம்பரங்கள் முளைத்ததையும் கணினி ஆசிரியை கவனித்து என்னிடம் தெரிவித்தார். விசாரித்ததில், பிடிஎஃப் கோப்பை வேர்டு கோப்பாக மாற்றித் தரும் என்று சொல்லப்பட்ட ஓர் இலவச மென்பொருளை மாணவர் ஒருவர் வீட்டில் பதிவிறக்கி, ஒப்படைப்பை முடிப்பதற்காகப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தது தெரியவந்தது. அவரை நாங்கள் குறை கூறவில்லை. யார் வேண்டுமானாலும் எதையும் நிறுவலாம் என்ற நிலையில் ஆய்வகத்தை விட்டுவைத்திருந்தது எங்கள் கவனக்குறைவு, அதைச் சரிசெய்துவிட்டோம். ஆயினும் அதே கோப்பு அவருடைய வகுப்பு நண்பர்கள் சிலரின் வீடுகளுக்கும் போயிருப்பதால் இக்கடிதத்தை எழுத வேண்டியதாயிற்று.

இவ்வகை மென்பொருளை ஆட்வேர் என்கிறார்கள். கோப்புகளை அழிப்பதோ பூட்டிவைத்துப் பணம் கேட்பதோ இதன் வேலையன்று. விளம்பரம் காட்டுவது, தேடலை வேறு பக்கத்துக்குத் திருப்புவது, எந்தெந்தப் பக்கங்களைப் பார்க்கிறோம் என்று குறித்துக்கொள்வது, கேட்காத வேறு மென்பொருள்களையும் சேர்த்து இறக்குவது ஆகியவற்றின் மூலம் அதைப் பரப்புகிறவர் வருமானம் பார்க்கிறார். நிறுவும்போது வரும் நீண்ட ஒப்பந்தத்தில் இவையெல்லாம் எங்கோ ஓர் இடத்தில் எழுதப்பட்டிருக்கும். நாமும் படிக்காமலே ‘சம்மதம்’ என்று அழுத்தியிருப்போம். ஆட்வேரை வைரஸ் என்று அடித்துச் சொல்ல ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தயங்குவதற்கு அந்தச் சம்மதம் ஒரு முக்கியக் காரணம்.

சந்தேகத்துக்குரிய கோப்பை இயக்குவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் இடம் அதன் டிஜிட்டல் கையொப்பம். விண்டோஸ் கணினியில் கோப்பின் மீது வலது பொத்தானை அழுத்தி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்பதைத் திறந்தால், கையொப்பமிட்ட கோப்பாக இருந்தால் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பகுதி தெரியும். அதில் கையொப்பமிட்டவரின் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘டீடெயில்ஸ்’ பொத்தானை அழுத்தினால் அக்கையொப்பம் செல்லுமா, எப்போது இடப்பட்டது, சான்றிதழை வழங்கிய அமைப்பு எது என்பன வரும். கோப்பு முழுவதையும் கணக்கிட்டு ஒரு சுருக்க எண்ணைப் பெற்று, அதைத் தயாரிப்பாளர் தம்மிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் முத்திரையிடுகிறார். நம் கணினி அவருடைய பொதுச் சாவியைக் கொண்டு அதைச் சரிபார்க்கிறது. இடையில் யாராவது கோப்பின் உள்ளடக்கத்தில் ஒரே ஒரு பைட்டை மாற்றியிருந்தாலும் கணக்கு ஒத்துவராது, கையொப்பம் செல்லாது என்று கணினி சொல்லிவிடும்.

நாள்தோறும் சான்றிதழ்களில் கையெழுத்திட்டுப் பழகியவன் என்பதால் இதன் பொருளை என்னால் எளிதாகச் சொல்ல முடிகிறது. நான் கையெழுத்திட்டு முத்திரை வைத்த சான்றிதழைப் பார்ப்பவருக்கு அது இப்பள்ளியிலிருந்து வந்தது, பிறகு யாரும் திருத்தவில்லை என்ற இரண்டு உறுதிகள் கிடைக்கின்றன. சான்றிதழைப் பெற்ற மாணவர் பின்னாளில் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு என் முத்திரை பொறுப்பேற்பதில்லை. கோப்பின் கையொப்பமும் அப்படித்தான். ஆட்வேர் பரப்பும் நிறுவனங்களும் பணம் செலுத்தி முறையான சான்றிதழைப் பெற்றுத்தான் கையொப்பமிடுகின்றன. ஆகவே ‘கையொப்பம் செல்லும்’ என்ற வரியோடு நின்றுவிடாமல், ‘யாருடையது’ என்ற வரியையும் தயவுசெய்து படியுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் சிக்கிய கோப்பில் கையொப்பம் இருந்தது, செல்லுபடியாகவும் இருந்தது. ஆனால் மென்பொருளின் பெயர் ஒன்று, கையொப்பமிட்ட நிறுவனத்தின் பெயர் முற்றிலும் வேறொன்று. அந்தப் பெயரை இணையத்தில் தேடியபோது அந்நிறுவனம் தயாரித்த பொருள் எதுவும் கிடைக்கவில்லை. அதே பெயரில் வந்த கோப்புகளை எப்படி நீக்குவது என்று பலர் கேட்டிருந்த கேள்விகளே கிடைத்தன. பழைய, நன்கறியப்பட்ட மென்பொருள் என்று விளம்பரம் செய்யப்பட்ட அதன் கையொப்ப நாளோ, மாணவர் பதிவிறக்கிய நாளுக்கு இரண்டு நாள் முந்தையது. இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தபோது எங்களுக்கு ஐயம் வலுத்தது.

மறுபுறமும் உண்டு. கையொப்பச் சான்றிதழுக்குச் செலவாகும் என்பதால், தனி ஆளாக நல்ல இலவச மென்பொருள் எழுதித் தருகிறவர்கள் பலர் கையொப்பமே இடுவதில்லை. விண்டோஸுடன் வரும் கோப்புகள் சிலவற்றின் கையொப்பம் தனிப் பட்டியல் கோப்பில் இருப்பதால் மேற்சொன்ன பகுதி அவற்றில் தெரியாது. சான்றிதழின் காலம் முடிந்துவிட்டதைப் பார்த்தும் பதற வேண்டாம். காலம் முடிவதற்கு முன் நேர முத்திரையுடன் இடப்பட்ட கையொப்பம் பிறகும் செல்லும். நம்பகமான பெயர்கூட முழு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு கணினியில் சேரும் வேண்டாத கோப்புகளைத் துப்புரவு செய்யும் சி-கிளீனர் என்ற மென்பொருளின், 2017 ஆகஸ்டில் வெளியான 5.33 பதிப்பு சான்று. தயாரிப்பாளரின் கணினிகளுக்குள்ளேயே ஊடுருவியவர்கள் தீங்கான நிரலைச் சேர்த்துவிட்டதால், அது தயாரிப்பாளரின் செல்லுபடியான கையொப்பத்துடனேயே மக்களைச் சென்றடைந்தது.

எனவே ஆன்டிவைரஸ் சோதனையும் தேவைப்படுகிறது. கணினியில் ஏற்கெனவே உள்ள ஆன்டிவைரஸைக் கொண்டு அந்தக் கோப்பை மட்டும் தனியாக ஸ்கேன் செய்வது முதல் படி. ஐயம் தீராவிட்டால், 2012இல் கூகுள் வாங்கிய வைரஸ்டோட்டல் என்ற இணையச் சேவையில் கோப்பைப் பதிவேற்றினால், 70க்கும் மேற்பட்ட ஆன்டிவைரஸ்களின் கருத்து ஒரே பக்கத்தில் வரும். அங்கே பதிவேற்றுவது பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படும் என்பதால் மதிப்பெண் பட்டியல், அடையாள ஆவணம், குடும்பப் படங்கள் போன்றவற்றை அங்கே ஒருபோதும் ஏற்ற வேண்டாம். நிறுவும் கோப்புகளை மட்டும் ஏற்றினால் போதும்.

முடிவைப் படிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம், நானும் தடுமாறினேன். எழுபதில் ஒன்றிரண்டு மட்டும், அதுவும் அதிகம் அறியப்படாத ஆன்டிவைரஸ்கள், பொதுவான ஒரு பெயரைச் சொல்லி எச்சரித்தால் அது தவறான எச்சரிக்கையாகவும் இருக்கலாம். எந்த ஆன்டிவைரஸும் எச்சரிக்காத கோப்பு நல்லது என்றும் கொள்ள முடியாது. அது நேற்றுத்தான் பிறந்ததாக இருக்கலாம். எங்கள் கோப்பை முதல் நாள் 4 ஆன்டிவைரஸ்களே அடையாளம் கண்டன, ஒரு வாரம் கழித்து மறுசோதனை செய்தபோது அந்த எண்ணிக்கை 19 ஆகியிருந்தது. எண்ணிக்கையைக் காட்டிலும் அவை சொல்லும் பெயர்கள் பயன் தருபவை. ‘ஆட்வேர்’, ‘பண்ட்லர்’ (வேறு மென்பொருள்களைச் சேர்த்து இறக்குவது), ‘பியுஏ’, ‘பியுபி’ (இரண்டும் வேண்டாத மென்பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கங்கள்) என்ற சொற்கள் வெவ்வேறு நிறுவனங்களின் முடிவுகளில் திரும்பத் திரும்ப வந்தால், அது வேண்டாத மென்பொருள் என்பதில் அவை ஒத்துப்போகின்றன என்று கொள்ளலாம். ‘நாட்-எ-வைரஸ்’ என்று தொடங்கும் பெயரைக் கண்டு நிம்மதியடைந்த பெற்றோர் ஒருவர், ‘வைரஸ் இல்லையென்று ஆன்டிவைரஸே சொல்லிவிட்டதே’ என்று என்னிடம் வாதாடினார். அதைத் தொடர்ந்து வரும் சொல்லைப் படிக்கச் சொன்னேன், ‘ஆட்வேர்’ என்றிருந்தது.

விண்டோஸ் 10, 11 கணினிகளில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதியில் வேண்டாத மென்பொருள்களைத் தடுக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் மேற்சொன்ன கையொப்ப வழி உதவாது. ஒவ்வொரு செயலியும் கையொப்பமிடப்பட்டே வருகிறது என்றாலும், சான்றிதழைத் தயாரிப்பாளர் தாமே உருவாக்கிக்கொள்ளலாம்; முந்தைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அங்கே பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலிகளை நிறுவாமல் இருப்பதும், பிளே ஸ்டோரிலேயே உள்ள பிளே புரொடெக்ட் என்ற பாதுகாப்புச் சோதனையை இயக்குவதும் நடைமுறைக்கு உகந்தவை.

தங்கள் பிள்ளை அந்தக் கோப்பை வீட்டில் ஏற்கெனவே இயக்கியிருந்தால், நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலை நாள்வாரியாக அடுக்கி, அதே நாளில் நுழைந்தவற்றை நீக்குங்கள். பிரவுசரில் தாங்கள் சேர்க்காத நீட்சிகளையும் (எக்ஸ்டென்ஷன்கள்), அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்றிருக்கும் பக்கங்களையும் அகற்றிவிட்டு, அதன் பின் முழுக் கணினியையும் ஸ்கேன் செய்யுங்கள். பிள்ளையைத் திட்ட வேண்டாம் என்று தனிப்பட்ட முறையில் கேட்டுக்கொள்கிறேன். பயந்த பிள்ளை அடுத்த முறை கோப்பையும் மறைப்பான், நடந்ததையும் மறைப்பான்.

தாங்களே செய்ய இயலாதவர்கள், வரும் வாரம் முழுவதும் பள்ளி முடிந்த பின் ஒரு மணி நேரம் கணினி ஆசிரியை ஆய்வகத்தில் இருப்பார் என்பதால், மடிக்கணினியை அங்கே கொண்டுவரலாம். பென் டிரைவில் அந்தக் கோப்பைப் போட்டுக் கொண்டுவருவதை மட்டும் அன்புகூர்ந்து தவிர்க்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்