டர்னர் வீட்டைக் காட்டித் தந்தவர்களுக்கு நன்றி

இந்த நன்றியை ஆங்கிலத்தில் எழுதி அவர்களுக்கே அனுப்பிவிட்டேன், ஆனாலும் நம் ஆட்களுக்கும் தெரியட்டும் என்று இங்கே எழுதுகிறேன். லண்டனின் மேற்குப் பக்கம் ட்விக்கன்ஹாமில், இயற்கைக் காட்சிகளை வரைந்த ஓவியர் டர்னர் தானே வரைபடம் போட்டு 1813-இல் கட்டிய சின்ன வீடு இருக்கிறது, சாண்டிகோம் லாட்ஜ் என்று பெயர். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

செயின்ட் மார்கரெட்ஸ் ஸ்டேஷனில் வழி கேட்டபோது, கையைக் காட்டிவிட்டுப் போகாமல், அப்பாவின் நடைக்கு ஏற்ப மெதுவாக நடந்து வாசல்வரை வந்து விட்டுப்போன அந்தப் பெரியவருக்கு முதல் நன்றி.

அப்புறம் வீட்டைச் சுற்றிக்காட்டிய தன்னார்வலர் அம்மாவுக்கு. அப்பாவுக்கு ஆங்கிலம் வராது என்று தெரிந்ததும் ஒவ்வொன்றையும் சொல்லி நிறுத்தி, நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். கூட வந்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது சும்மா தலையாட்டிக்கொண்டிருந்த அப்பா, டர்னரின் தகப்பனார் கதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கோவென்ட் கார்டனில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர் அவர்; பிறகு அதை விட்டுவிட்டு மகனோடேயே இருந்து, கித்தானைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவது, முடிந்த படத்துக்கு வார்னிஷ் அடிப்பது, தோட்டம், வீடு என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாராம். மகனுடைய காட்சிக்கூடத்தைத் திறக்க இங்கிருந்து லண்டனுக்கு நடந்தே போவாராம், பின்னாளில் ஒரு காய்கறி வண்டிக்காரரைப் பிடித்து, ஒரு கிளாஸ் ஜின் வாங்கிக்கொடுத்து, காய்கறிகளின் மேலே உட்கார்ந்து போவாராம். அப்பா வாய்விட்டுச் சிரித்தார், "அவரு இருந்த அடுப்படியைக் காட்டச் சொல்லுடா" என்றார். அது கீழ்த்தளத்தில். இன்னொரு தன்னார்வலர் ஓடிவந்து, முன்னால் ஒரு படி இறங்குவதும் திரும்பிக் கை கொடுப்பதுமாக அவரைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தத் தம்பிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது!

மாடிப்படிக்கு நேர் மேலே கூரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், வெளிச்சம் வளைந்த சுவரோடு வழிந்து இறங்குகிறது. டர்னரின் நண்பர், கட்டடக் கலைஞர் ஜான் சோனின் சாயல் அதில் இருக்கிறது.

இன்று உயிரோடு இல்லாத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரில் விமானிகள் கண்ணில் மாட்டும் காப்புக் கண்ணாடி செய்யும் பட்டறையாகிப் பாழ்பட்ட இந்த வீட்டை, 1947-இல் மனைவியோடு சேர்ந்து வாங்கி, கடைசிவரை காப்பாற்றி, ஓர் அறக்கட்டளைக்கே எழுதி வைத்துவிட்டு 2010-இல் மறைந்தவர் பேராசிரியர் ஹரால்ட் லிவர்மோர். அந்த வட்டாரத்து மனை விலைக்கு வேறு யாராவது விட்டு வைத்திருப்பார்களா? பிற்காலத்தில் ஏற்றிக் கட்டிய மாடிகளை எடுத்து, வெள்ளைப் பூச்சைச் சுரண்டிப் பழைய செங்கல்லை வெளியே கொண்டுவந்து, 2017-இல் மக்களுக்குத் திறந்துவிட்ட அறக்கட்டளைக்காரர்களுக்கும் நன்றி.

டர்னரின் பெரிய படங்களைப் பார்க்க டேட் பிரிட்டன் ஓவியக் காட்சியகத்துக்குப் போகலாம், ஆனால் லண்டனில் இருப்பவர்கள் இங்கேயும் முன்பதிவு செய்து ஒருமுறை போய் வாருங்கள், பெற்றோர் ஊரிலிருந்து வந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

தகப்பனார் எந்நேரமும் தோட்டத்தில் வேலை செய்து ஜலதோஷம் பிடித்துக்கொண்டார் என்பதும் 1826-இல் டர்னர் இந்த வீட்டை விற்க ஒரு காரணமாம். அதைக் கேட்டதிலிருந்து அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார், அந்த அம்மாவையும் குளிரில் வாசலில் நிற்காமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதச் சொல்லி. எழுதிவிட்டேன்.