கொரோனாவுக்கு ஒரு மாதம் கழித்து வரும் காய்ச்சல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளி மாணவன் ஒருவன் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்பியிருக்கிறான். யார் பிள்ளை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆனால் 2021 நவம்பர் 1 அன்று, கொரோனா விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்ததால்தான் அவனுக்கு நோய் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் ஓடுவதைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

அவனுக்கு வந்தது எம்.ஐ.எஸ்-சி (MIS-C), அதாவது பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் பல உறுப்புகளில் வரும் அழற்சி நோய். கொரோனா தொற்றி இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து, வெகு சில பிள்ளைகளுக்கு மட்டும், கிருமியை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி அடங்காமல் இதயம், குடல், தோல் என்று சொந்த உடம்பிலேயே அழற்சியை உண்டாக்கிவிடுகிறது. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. 2020 ஏப்ரலில் இங்கிலாந்து டாக்டர்கள் இதைப் பற்றி எச்சரித்தபோது, 1967இல் ஜப்பானில் டாக்டர் கவாசாகி விவரித்த நோயைப் போலவே இருக்கிறதே என்றுதான் குழம்பினார்கள். அது பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருவது. இது நம் பள்ளி வயதுப் பிள்ளைகளையும் பிடிக்கிறது.

சிக்கல் என்னவென்றால், பல பிள்ளைகளுக்குக் கொரோனா வந்து போனதே தெரியாது. இந்தப் பையனின் அப்பாவுக்குத்தான் ஒரு மாதம் முன்பு வந்தது, இவன் ஓடியாடிக்கொண்டிருந்தான். அப்புறம் திடீரென்று விடாத காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி. வீட்டில் சூட்டு வலி என்றார்கள். உடம்பில் தடிப்பும் கண்ணில் சிவப்பும் வந்ததும் அம்மை என்று வேப்பிலை வைத்துவிட்டார்கள், அதில் இரண்டு நாள் போனது. அவர்களைக் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்; குடல்வால் வலியோ என்று டாக்டர்களே சந்தேகப்படுவதுண்டு.

அதனால் காய்ச்சல் மூன்று நாளாக விடாமல், கூடவே வயிற்றுவலி, தடிப்பு, கண் சிவப்பு, உதடு வெடிப்பு, கை கால் வீக்கம் என்று எது இருந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். பிள்ளை துவண்டு போனாலோ மூச்சு வாங்கினாலோ மூன்று நாள் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே கிளம்புங்கள். வீட்டில் யாருக்குக் கொரோனா வந்தது, எப்போது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் என்று அவர்கள் அந்தப் பக்கம் யோசிப்பார்கள். இந்த அழற்சியை அடக்க இம்யூனோகுளோபுலின் (நரம்பு வழியாக ஏற்றும் எதிர்ப்புப் புரதம்), ஸ்டீராய்டு மருந்துகள் இருக்கின்றன; நேரத்தோடு போனால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள்.

பையன் திங்கட்கிழமை வகுப்புக்கு வருகிறான், வழக்கமான பெஞ்சில்தான் உட்காருவான். டாக்டர் சொல்லும்வரை சில மாதம் விளையாட்டு பீரியடில் ஓடக்கூடாது, அவ்வளவுதான். ஓடச் சொல்லி அவனை இழுக்க வேண்டாம் என்று மட்டும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்